'மேக் இட் சோ': பிக்கார்டு மாதிரி சொல்வது எப்படி?

ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் கேப்டன் பிக்கார்டு சொல்லும் 'மேக் இட் சோ' (அப்படியே செய்) என்ற இந்த மூன்று சொற்களைத் தமிழ்நாட்டில் வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பேருக்குத் துக்ளக் சோ ஞாபகம் வரும், மீதிப் பேருக்குச் சோவென்று பெய்யும் மழை. எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், காயில் போயிருக்கிறது, கழற்றிக் கொண்டுபோய் ரீவைண்டிங் பண்ணிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டபோது உற்சாகத்தில் "மேக் இட் சோ" என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு "எந்த சோ சார்?" என்றார். அப்புறம் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் "கழட்டச் சொல்றாருப்பா" என்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே யாரிடம், எப்போது, எந்தக் குரலில் என்று பழகிக்கொண்டு சொல்வது நல்லது. அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்து வீட்டில் திட்டு வாங்கியவன் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு இதை எழுத இருக்கிறது.

தொடரே தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 முதல் 1994 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், 7 சீசன், 178 எபிசோட். கதை நடப்பது 24ஆம் நூற்றாண்டில். என்டர்பிரைஸ் என்கிற விண்கலத்தின் கேப்டன் ஜான் லூக் பிக்கார்டு, பிரான்சில் திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் பேசுவதோ அப்பட்டமான இங்கிலாந்து ஆங்கிலம் (இதைப் பற்றி ரசிகர்கள் கிண்டல் செய்துகொண்டே இருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்). நடித்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட், அதற்கு முன் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் வருஷக்கணக்காக மேடை நாடகம் போட்டுக்கொண்டிருந்தவர். 'மேக் இட் சோ' அவருடைய வாயோடு எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், 2023இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றுக்கே 'மேக்கிங் இட் சோ' என்றுதான் பெயர் வைத்தார்.

சரி, எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னால் இது என்ன மாதிரி வசனம் என்று பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தப்பு செய்வது இங்கேதான். நமக்குப் பஞ்ச் வசனம் என்றால் அதில் 'நான்' இருக்க வேண்டும். நான் யார், நான் வந்தால் என்ன ஆகும், என்னைத் தொட்டால் என்ன ஆகும், இதுதான் வழக்கம், சொல்லும்போது பின்னால் புழுதி பறக்க வேண்டும். பிக்கார்டின் வசனத்தில் 'நான்' கிடையாது. சொல்லப்போனால் அதில் அவருடைய யோசனைகூடக் கிடையாது. 'சோ', அதாவது 'அப்படி', என்று அவர் சுட்டுவது சற்று முன்னால் வேறொருவர் சொன்ன விஷயத்தை. இன்ஜினியர் ஜோர்டி ஒரு வழி சொல்வார், அல்லது ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவ இயந்திரமான டேட்டா ஒரு கணக்குச் சொல்வார், அல்லது துணைக் கேப்டன் ரைக்கர் "இப்படிச் செய்யலாமே சார்" என்பார். பிக்கார்டு கேட்பார், ஒரு நொடி அமைதி, "மேக் இட் சோ." அடுத்தவரின் யோசனைக்குக் கீழே போடும் கையெழுத்து அது. இதை மறந்துவிட்டு நீங்களே ஒரு யோசனை சொல்லி, நீங்களே அதற்கு 'மேக் இட் சோ'வும் சொல்லிக்கொண்டால், சொந்தக் கல்யாணப் பத்திரிகையை நாமே வாங்கிப் படித்து வாழ்த்துச் சொல்வது போல இருக்கும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். தொடருக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கியதில்லை இது, பிரிட்டிஷ் கடற்படையின் பழைய பேச்சு. பாய்மரக் கப்பல் காலத்தில் நண்பகலில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டதா என்று கருவி வைத்து அளப்பார்கள். உச்சியைத் தொட்டதும் அளந்த அதிகாரி கேப்டனிடம் போய் மணி பன்னிரண்டு என்று அறிவிப்பார். கேப்டன் "மேக் இட் சோ" என்பார். அதற்குப் பிறகுதான் கப்பலின் மணியை எட்டு முறை அடிப்பார்கள், அப்போதுதான் அந்தக் கப்பலுக்கு முறைப்படி பன்னிரண்டு. வேடிக்கையாக இல்லை? சூரியன் ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறது, அதை அளந்தவரும் வேறொருவர், கேப்டன் புதிதாக எதையும் செய்யவில்லை. ஆனால் அவர் சரி என்று சொல்லாமல் மணி அடிக்காது. ரைக்கரைப் பிக்கார்டு 'நம்பர் ஒன்' என்று கூப்பிடுவதும் அதே கடற்படையில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியைக் கூப்பிடும் வழக்கம்தான். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி, பாத்திரத்தைப் புரிந்துகொள்ள என்று ஸ்டூவர்ட்டிடம் கொடுத்தது ஹார்ன்ப்ளோயர் என்ற கற்பனைக் கடற்படைக் கேப்டனைப் பற்றிய நாவல்களைத்தான், ஆகவே விண்கலத்தில் கப்பல் வாடை அடிப்பதில் ஆச்சரியமில்லை.

இனி செய்முறைக்கு வருவோம்.

முதல் வேலை வாயை மூடிக்கொள்வது

உண்மையாகவே இதுதான் முதல் வேலை, கிட்டத்தட்ட முக்கால்வாசி வேலையும் இதுதான். என்டர்பிரைஸில் சிக்கல் வந்தால் பிக்கார்டு நேரே கட்டளை போடுவது அபூர்வம். எல்லாரையும் ஒரு நீள மேஜைக்குக் கூட்டுவார், ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் நிற்கும் அல்லது ஓடும், ஒவ்வொருவராகத் தங்கள் துறையைச் சொல்வார்கள். டாக்டர் ஒன்று சொல்வார், பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப் வழக்கம்போலச் சண்டை போடலாம் என்பார், மன ஆலோசகர் டிராய் எதிராளி பயந்திருக்கிறான் என்பார். கலம் வெடிக்க ஒரு நிமிஷம்தான் இருக்கிறது, மேஜைக்குப் போக நேரமில்லை என்றாலும் "யோசனை இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒரு சொல்லாவது கேட்டுவிடுவார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூட்டத்திலோ வீட்டிலோ பிரச்சினையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "என்ன பண்ணலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பது கஷ்டம், தெரியும். பத்து நொடி யாரும் பேசாவிட்டால் நமக்குக் கை அரிக்கும், நம்முடைய யோசனையை எடுத்து நடுவில் வைத்துவிடுவோம், அது வைத்த பிறகு மற்றவர்கள் தலையாட்டுவார்களே தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார்கள். யாராவது வாய் திறக்கும் வரை தண்ணீர் குடியுங்கள், பேனா மூடியைக் கழற்றி மாட்டுங்கள்.

கேட்டுவிட்டுச் சொன்னால் எல்லாம் சரியாக நடந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. ஐந்தாவது சீசனில் 'காஸ் அண்ட் எஃபெக்ட்' என்றொரு எபிசோட், 1992இல் வந்தது. பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிவைச் சொல்லப் போகிறேன். என்டர்பிரைஸ் ஒரு காலச் சுழலில் மாட்டிக்கொள்கிறது. எதிரே திடீரென்று ஒரு கலம் முளைத்து மோதவரும், பிக்கார்டு யோசனை கேட்பார். ரைக்கர், சிறு கலங்களை நிறுத்தும் கூடத்தின் காற்றை ஒரேயடியாக வெளியே விட்டால் அந்த உந்துதலில் நாம் விலகிவிடலாம் என்பார். டேட்டா, டிராக்டர் பீமால் (தூரத்திலிருந்தே பொருள்களை இழுக்கவும் தள்ளவும் உதவும் கதிர்) எதிரே வரும் கலத்தைத் தள்ளிவிடலாம் என்பார். பிக்கார்டு டேட்டா சொன்னதை ஏற்பார், கலம் வெடிக்கும், எல்லாரும் சாவார்கள், சுழல் முதலிலிருந்து ஆரம்பிக்கும், மறுபடியும் அதே கேள்வி, அதே இரண்டு பதில், அதே தேர்வு, அதே வெடிப்பு. கடைசிச் சுற்றில்தான் டேட்டா தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட '3' என்ற குறிப்பு ரைக்கரின் காலரில் இருக்கும் மூன்று பித்தான்கள் என்று கண்டுபிடித்து, ரைக்கரின் வழியைச் செயல்படுத்தித் தப்பிப்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த எபிசோட், ஏனென்றால் இவ்வளவு கெட்டிக்காரக் கேப்டன் இரண்டு நல்ல யோசனைகளில் தப்பானதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார். ஆனால் சரியான பதில் முதலிலிருந்தே மேஜையில் இருந்தது, அவர் கேட்டதால் இருந்தது. கேட்காமலே கட்டளை போட்டிருந்தால் டேட்டாவுக்கு மாற்றிப் பிடிக்க ஒன்றும் கிடைத்திருக்காது.

இரண்டாவது, ஆளைக் குறிப்பிடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் கீழ்த்தொட்டி கழுவுவது பற்றிப் பேச்சு வந்தது, ஒருவர் ஆள் வைத்துக் கழுவலாம் என்றார், எல்லாருக்கும் சம்மதம், நானும் பெரிய மனுஷன் மாதிரி "பண்ணிடலாம்" என்றேன். தமிழில் இந்தப் 'பண்ணிடலாம்' இருக்கிறதே, இதைவிட ஆபத்தான சொல் கிடையாது. கேட்பவருக்கு வேலை முடிந்துவிட்டது போல நிம்மதி வந்துவிடும், ஆனால் யார் பண்ணுவது என்று வாக்கியத்தில் எங்கேயும் இருக்காது, எழுவாயே இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். மூன்று மாதம் கழித்துக் குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வந்த அன்றுதான் யாரும் பண்ணவில்லை என்று தெரிந்தது, அன்றைக்கும் கூட்டம் போட்டு முதலில் சொன்னது "பண்ணிடலாம்"தான். பிக்கார்டு இந்தத் தப்பைச் செய்வதில்லை. யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரோ அவருக்குத்தான் வேலை. பல நேரம் பெயரையும் சேர்த்துக்கொள்வார்: நம்பர் ஒன், மிஸ்டர் டேட்டா, மிஸ்டர் வோர்ஃப், அப்புறம்தான் கட்டளை. பெயர், சின்ன இடைவெளி, வசனம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

குரலும் கையும் சட்டையும்

மூன்றே அசைதான், யாப்புத் தெரிந்தவர்களுக்குச் சொன்னால் நேர் நேர் நேர், தேமாங்காய். நம் வாய்க்கு ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் பின்னால் ஒரு உகரம் போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டு, 'மேக்கு இட்டு சோவு' என்று வந்துவிடும், வந்தால் ஆட்டம் முடிந்தது. முதல் இரண்டையும் ஒட்டி 'மேக்கிட்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மயிரிழை இடைவெளி விட்டு, 'சோ'வை இறக்கிச் சொல்ல வேண்டும். அந்தச் 'சோ' நம் சோவுக்கும் சௌவுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது, ஸ்டூவர்ட்டின் உச்சரிப்பு அப்படி. கடைசியில் குரல் ஏறக் கூடாது. ஏறினால் அது கேள்வி ஆகிவிடும், நீங்கள் அனுமதி கேட்கிற மாதிரி இருக்கும்.

சத்தம் வேண்டாம். மேடை நடிகர்களுக்கு ஒரு வித்தை உண்டு, கத்தாமலே கடைசி வரிசைக்குக் கேட்கச் சொல்வது, ஸ்டூவர்ட் அதைத்தான் செய்கிறார். தொடரில் அவர் உரக்கக் கத்தும் இடங்கள் உண்டு, ஆனால் இந்த வசனத்தைக் கத்திச் சொல்வதை விட மெதுவாகச் சொல்லும் இடங்களில்தான் அது எடுபடுகிறது. கத்த வேண்டிய அவசியம் இல்லாதவர் என்பதுதான் இதில் தெரிய வேண்டும்.

கை விஷயத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஆள்காட்டி விரலை முன்னே நீட்டுவாரே, அது 'மேக் இட் சோ'வுக்கு உரியது இல்லை, அது 'என்கேஜ்' என்ற இன்னொரு வசனத்துக்கு. நிறையப் பேர் இரண்டையும் கலந்துகட்டி அடிக்கிறார்கள். 'மேக் இட் சோ' ஒப்புதல், 'என்கேஜ்' புறப்பாடு. எங்கே போகிறோம், எவ்வளவு வேகம் என்று எல்லாம் முடிவாகி, கலத்தை ஓட்டுபவர் தயார் என்று சொன்ன பிறகு வருவது 'என்கேஜ்'. வீட்டுப் பாஷையில் சொன்னால், எந்தக் கோயிலுக்குப் போவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மனைவி சொல்லி நீங்கள் தலையாட்டுவது மேக் இட் சோ, எல்லாரும் காரில் ஏறிக் கதவு சாத்திய பிறகு சாவியைத் திருப்புவது என்கேஜ். இந்த என்கேஜும் பிக்கார்டுக்கு முன்பே இருந்ததுதான், 1960களின் முதல் ஸ்டார் ட்ரெக்குக்காக எடுத்த சோதனை எபிசோடிலேயே கேப்டன் பைக் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்திருந்து எழும்போது சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பாரே, அதையும் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. அதற்குப் பின்னால் தத்துவம் ஒன்றுமில்லை. முதல் இரண்டு சீசனில் உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடை, போட்டுக்கொண்டு முதுகு வலிக்கிறது என்று நடிகர்கள் அழுதார்கள். மூன்றாவது சீசனில் மேல்சட்டை தனியாக, கால்சட்டை தனியாகக் கொடுத்தார்கள், அது உட்கார்ந்து எழுந்தால் மேலே ஏறிக்கொள்ளும், ஆகவே இழுத்துவிட்டார். ரசிகர்கள் அதற்கும் 'பிக்கார்டு மேனுவர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேட்டியில் இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

சொன்ன பிறகு நிறுத்திவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நான் பார்த்த வரைக்கும் இங்கேதான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு, "ஆனா பார்த்து... அவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க... முடியலன்னா விட்டுடு..." என்று வால் நீட்டுவார்கள். பிக்கார்டு வால் நீட்ட மாட்டார். சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார், அல்லது காட்சியே வெட்டப்பட்டுவிடும். நமக்குக் காட்சியை வெட்ட ஆள் இல்லை என்பதால் நாமே எழுந்து போய்விடுவது உத்தமம்.

எப்படிச் சொல்லக் கூடாது என்பதற்கும் அதே தொடரில் பாடம் இருக்கிறது. ஆறாவது சீசனில் 'செயின் ஆஃப் கமாண்ட்' என்று இரண்டு பாகம், 1992 டிசம்பரில் வந்தது. பிக்கார்டை ரகசிய வேலைக்கு அனுப்பிவிட்டு, ஜெல்லிக்கோ என்றொரு கேப்டனைக் கொண்டுவந்து போடுவார்கள். வந்த நாளே மூன்று ஷிப்ட்டை நான்காக மாற்று என்பார், ரைக்கர் ஆட்களைக் கேட்டுவிட்டு இதில் சிக்கல் இருக்கிறது என்று சொல்ல வருவார், கேட்கவே மாட்டார். பிக்கார்டின் அறையில் இருந்த மீன் தொட்டியைத் தூக்கு என்பார், டிராயை ஒழுங்காகச் சீருடை போட்டுக்கொண்டு வா என்பார். அவருடைய வசனம் 'கெட் இட் டன்'. நம் ஊரில் "அதெல்லாம் எனக்குத் தெரியாது, வேலை முடியணும்" என்று சொல்வார்களே, அச்சு அசலாக அது. அகராதியில் பார்த்தால் 'மேக் இட் சோ'வுக்கும் 'கெட் இட் டன்'னுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் செய்துமுடி என்பதுதான். ஆனால் ஒன்றில் 'நீ சொன்ன மாதிரி' இருக்கிறது, இன்னொன்றில் 'நான் சொன்ன மாதிரி' இருக்கிறது. ஜெல்லிக்கோவுக்காக ஒரு வார்த்தை: போர் மூளும் நேரம், கடைசியில் அவர் போட்ட திட்டம் பலித்தது, அவர்தான் சரி என்று வாதாடும் ரசிகர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அவர்கள் கட்சி. பிறகு ஜெல்லிக்கோ மாதிரி ஒரு மேலாளரிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன், கட்சி மாறிவிட்டேன்.

தமிழில் சொல்வதானால்

எலக்ட்ரீஷியன் சம்பவத்துக்குப் பிறகு இதைப் பற்றி ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். முதலில் தோன்றுவது 'அப்படியே ஆகட்டும்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் புராணப் படங்களில் சாமி உள்ளங்கையைக் காட்டி வரம் கொடுக்கும் வாசனை அதில் போகவே போகாது. தவிர, சாமி ஆகட்டும் என்றால் தானாக ஆகிவிடும், யாரும் எழுந்து போய் வேலை செய்ய வேண்டியதில்லை. பிக்கார்டு சொன்னால் யாரோ ஒருவர் ஓட வேண்டும்.

அடுத்தது 'ஆவன செய்க'. அரசாங்கக் கோப்பில் ஓரமாக எழுதும் குறிப்பு. பொருள் கிட்டத்தட்டப் பொருந்துகிறது, செய்ய வேண்டியதைச் செய் என்பது. ஆனால் எது என்று சுட்டும் 'அப்படி' அதில் இல்லை. வந்த மனுவை நகர்த்திவிடுவது போல இருக்கிறது, அதைப் படித்தாரா இல்லையா என்றே தெரியாது. 'அப்படியே செய்யுங்கள்' என்பதில் குறை ஒன்றுமில்லை, பேச்சில் "அப்படியே பண்ணிடுங்க" என்று சொன்னால் எலக்ட்ரீஷியனுக்கும் புரியும். ஆனால் வசனமாக நிற்கவில்லை, சாதாரணப் பேச்சோடு கரைந்துவிடுகிறது. இன்னொரு சங்கடம், ஆங்கிலத்தில் மரியாதை விகுதி இல்லை. பிக்கார்டு ரைக்கரை நீ என்பாரா, நீங்கள் என்பாரா? எனக்கு நீங்கள்தான் சரியாகப் படுகிறது, எல்லாரையும் பதவியோடு கூப்பிடுகிற மனுஷர். ஆனால் கலத்தில் இருக்கும் வெஸ்லி என்கிற சின்னப் பையனிடம்? அவனிடம் 'செய்' என்றும் ரைக்கரிடம் 'செய்யுங்கள்' என்றும் சொன்னால் ஒரே வசனம் இரண்டாக உடைந்துவிடும்.

இங்கே பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட இலக்கணம் கைகொடுத்தது. வியங்கோள் வினைமுற்று, ககர ஈறு, வாழ்க ஒழிக செய்க. வாழ்த்தவும் வையவும் வேண்டவும் விதிக்கவும் வரும் என்று படித்தோமே, அதற்கு நீயும் இல்லை, நீங்களும் இல்லை, சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒன்றுதான். 'அவ்வாறே செய்க.' கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்பீர்கள். இருக்கட்டுமே, ஷேக்ஸ்பியர் பேசிய வாய் அது. (போகிற போக்கில், முதல் ஸ்டார் ட்ரெக்கில் ஸ்பாக் விரல்களைப் பிரித்துக் காட்டிச் சொல்வாரே, அதுவும் வியங்கோள்தான், ஆனால் வாழ்த்தல்: நீடு வாழ்க, வளம் பெறுக. தமிழில் வந்தால் அது பிரமாதமாகப் பொருந்தும்.)

பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது திடீரென்று பிடிபட்டது. 'செய்க'கூட வேண்டியதில்லை. வெறும் 'அவ்வாறே' போதும். அவ்-வா-றே, நேர் நேர் நேர். அதே தேமாங்காய்! மூன்று அசை, கடைசியில் நெட்டெழுத்தில் வாய் திறந்து நிற்கிறது, டப்பிங் பேசினால் ஸ்டூவர்ட்டின் உதட்டோடு ஓரளவு சேர்ந்துகூடப் போகும். 'நீ சொன்ன அவ்வழியே' என்று சுட்டும் வேலையையும் செய்துவிடுகிறது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது, பரவாயில்லை.

ஆனால் சொல்வதற்கு முன்னால், உங்களிடம் ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கும் சில சொற்களை விட வேண்டியிருக்கும். 'பண்ணிடலாம்' பற்றிச் சொல்லிவிட்டேன். 'பார்த்துப் பண்ணுங்க' என்று ஒன்று இருக்கிறது, அலுவலகங்களில் ரொம்பப் பிரபலம். நன்றாக வந்தால் நான் சொல்லித்தான் செய்தான், கெட்டுப்போனால் பார்த்துத்தானே பண்ணச் சொன்னேன், இரண்டு பக்கமும் கதவு. அதைவிட மோசம் 'என்னமோ பண்ணு'. இது அம்மாக்களின் ஆயுதம், என் அம்மா இதைச் சொன்னால் அந்த வேலையைத் தொடவே மாட்டேன், சம்மதம் போல ஒலிக்கும் தடை உத்தரவு அது. இவற்றில் எல்லாம் சொன்னவர் கழன்றுகொள்கிறார், சுமை செய்பவர் தலையில். பிக்கார்டு சொல்வது தலைகீழ். யோசனை டேட்டாவுடையது, கை வோர்ஃபினுடையது, ஆனால் கலம் வெடித்தால் பழி பிக்கார்டுடையது. அந்த மூன்று சொல்லைச் சொன்ன நொடியில் பழி இடம் மாறிவிடுகிறது. அதற்குத் தயாராக இல்லாத நாட்களில் 'பார்த்துப் பண்ணுங்க'வே சொல்லிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

யாரிடம் சொல்லக் கூடாது என்று நீளப் பட்டியல் போடத் தேவையில்லை. உங்களைவிடப் பெரிய பொறுப்பில் இருப்பவரிடம் வேண்டாம். மாமியார் தாம்பூலப் பைக்கு என்ன போடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து 'அவ்வாறே' என்றால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. மற்றபடி ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள், எல்லாவற்றுக்கும் சொன்னால் உப்பு அதிகமான குழம்பு.

வாட்ஸ்அப்பில் சொல்வதானால் ஒரே விதி. எந்தச் செய்திக்கோ அதை இழுத்துப் பிடித்து அதற்குப் பதிலாகப் போடுங்கள், இல்லையென்றால் நாற்பது குட்மார்னிங்குக்கு நடுவில் உங்கள் 'அவ்வாறே' எதற்கு என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் எங்கள் குடியிருப்புக் குழுவில் மறுபடியும் அந்தக் கீழ்த்தொட்டி விவகாரம் வந்தது. நான் முன்பே எழுதியபடி வாயை மூடிக்கொண்டு "என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை, கை அரித்தது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மூன்றாம் மாடி அக்கா, தனக்குத் தெரிந்த ஆள் இருப்பதாகவும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, அவரைக் குறிப்பிட்டு, இடைவெளி விட்டு, "அவ்வாறே" என்று போட்டேன். வால் நீட்டவில்லை.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. "சரி தம்பி. ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கேக்குறான், உங்ககிட்ட வாங்கிக்கச் சொல்லவா?"

கொடுத்தேன்.